அணையில் பழகி அலைக்குப் போவது

கிருஷ்ணகிரியிலோ தருமபுரியிலோ இருந்துகொண்டு கடலைப் படமெடுக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் செய்கிற தப்பு, உடனே கடலுக்குக் கிளம்பிவிடுவது. வெள்ளிக்கிழமை ராத்திரி வண்டி எடுத்து ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் என்று இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி, விடிகாலையில் புதுச்சேரிக் கரையில் இறங்கினால் என்ன நடக்கும்? அலை வரும், போகும். வலை வீசுகிறவர் வீசி முடித்திருப்பார். கேமரா தண்ணீர்த் துளியில் போகஸ் தேடிக்கொண்டிருக்கும். ஞாயிறு சாயங்காலம் திரும்பும்போது ஆயிரம் படம் இருக்கும், அஞ்சு தேறாது.

நகர்கிற தண்ணீரில் நகர்கிற ஆளைப் பிடிப்பது கைப்பழக்கம். அது வர வாரக்கணக்கில் ஆகும். அதற்குக் கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கேஆர்பி அணை இருக்கிறது, ஒகேனக்கல் இருக்கிறது, பாரூர் ஏரி, பாம்பாறு, வாணியாறு எல்லாம் இருக்கின்றன. கேஆர்பியில் தேங்கி நிற்கிற தென்பெண்ணைதான் சாத்தனூர் தாண்டிக் கடலூர்ப் பக்கம் கடலில் சேர்கிறது. ஒகேனக்கல்லில் விழுகிற காவிரி மேட்டூர் வழியாகப் பூம்புகார் போகிறது. தண்ணீர் போகிற வரிசையிலேயே நாமும் போனால் செலவும் குறையும், கேமராவும் பிழைக்கும். அலையும் உப்பும் மட்டும்தான் இங்கே கிடைக்காது.

அணையில் பெரும்பாலும் செவுள் வலை. சாயங்காலம் பரிசலில் போய் வலை விட்டுவிட்டு வருவார்கள், விடியும்போது போய் எடுப்பார்கள். “அண்ணா, நாளைக்கு வலை எடுக்க எத்தனை மணிக்குப் போவீங்க? கரையிலயே நிக்கிறேன்” என்று முந்தின நாளே கேட்டுவைத்தால் பாதி வேலை முடிந்தது. சூரியன் எழுவதற்கு இருபது நிமிடம் முன்னால் லென்ஸ் திறப்பு எஃப்/4, ஷட்டர் 1/250 நொடி, ஒளி உணர்வு ஐஎஸ்ஓ 3200 என்று தொடங்கலாம். வெளிச்சம் ஏற ஏற ஐஎஸ்ஓவைக் குறைப்பதைவிட ஷட்டரை ஏற்றுவதே முதல் வேலை. வலையைக் கை மாற்றி மாற்றி இழுப்பது 1/500-ல் உறைந்துவிடும். கண்ணியிலிருந்து சொட்டுகிற நீர் முத்து முத்தாகத் தெரிய 1/1000 வேண்டும். பரிசலில் கூடவே ஏறினால் கவனிக்க வேண்டிய இடம் முகம் இல்லை, விரல். செவுளில் மாட்டிய இழையை நகத்தால் நெம்பி, செவுள் மூடியின் மேலாக வழித்து, மீனைக் கழற்றும் வேலை மூன்று நான்கு நொடிதான். அதற்குள் கட்டைவிரல், செதில், இழை மூன்றும் ஒரே தூரத்தில் வருகிற ஒரு கணம் உண்டு. அங்கே எஃப்/5.6-க்குக் கீழே போகாதீர்கள். அரையடி தூரத்தில் எஃப்/2.8 வைத்தால் செதில் கூர்மையாக இருக்கும், விரல் பஞ்சாகிவிடும்.

கரையிலிருந்து எடுப்பதானால் உயரம் முக்கியம். அணைக்கட்டின் மேல் நின்று எடுத்த பரிசல், மேசையில் வைத்த தட்டு மாதிரி இருக்கும்: பின்னணி முழுக்கத் தண்ணீர், ஆளுக்கு உருவமே இல்லை. இறங்கி, கேமராவைத் தண்ணீரிலிருந்து ஓரடி உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். அதே பரிசல் எதிர்க்கரைக்கும் மலைக்கும் முன்னால் எழுந்து நிற்கும். கடற்கரையிலும் இதே விதிதான். அலை உயரமாகத் தெரிய அலை உயரமாக இருக்க வேண்டியதில்லை, நீங்கள் தாழ்ந்தால் போதும்.

வீச்சு வலைக்குத் தனியாக நாலு நாள் ஒதுக்கலாம். பலரும் வலை விரிந்த பிறகு பொத்தானை அழுத்துகிறார்கள், படத்தில் வலை தண்ணீரில் கிடக்கும். வலைக்காரரின் இடுப்பைப் பாருங்கள். வலையின் ஒரு பங்கைத் தோளிலோ முழங்கையிலோ போட்டு, மீதியைக் கையில் அள்ளி, உடம்பை ஒரு பக்கம் முறுக்குவார். முறுக்கு நின்று திரும்புகிற நொடியில் அழுத்த ஆரம்பிக்க வேண்டும். ஓரத்து ஈயக்குண்டுகள் வெளியே ஓடி வட்டம் முழுசாக விரிந்து காற்றில் நிற்பது ஏறக்குறைய அரை நொடி. நொடிக்கு 10 பிரேம் எடுக்கிற கேமராவில் அதற்கு அஞ்சு படம் கிடைக்கும், அதில் ஒன்றோ இரண்டோதான் முழு வட்டம். ஷட்டர் 1/1600-க்குக் குறையக் கூடாது, குண்டுகள் கோடாகிவிடும். போகஸை வலைக்கு விடாதீர்கள். விரியும் கண்ணிகளை ஊடுருவிப் பின்னணிக்கு ஓடிவிடும். வீசுகிறவரின் மார்பில் போகஸ் பிடித்துப் பூட்டிக்கொண்டு, எஃப்/8 வைத்தால் வலையும் கூடவே வந்துவிடும்.

இதையே வீடியோவாக எடுக்கிறவர்கள் நொடிக்கு 100 பிரேம், ஷட்டர் 1/200 என்று எடுத்து 25-ல் ஓட்டினால் அந்த அரை நொடி இரண்டு நொடியாகும். அது போதும். அதற்கு மேல் இழுத்தால் வலை பிளாஸ்டிக் மாதிரி மிதக்கும். சாதாரண வேகக் காட்சிக்கு 25 பிரேம், 1/50. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, 1/100, எஃப்/16 என்பது பழைய கணக்கு. ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு. 1/50-க்கு ஒரு ஸ்டாப், எஃப்/4-க்கு இறங்க நாலு ஸ்டாப், ஆக அஞ்சு ஸ்டாப் வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும். அதுதான் என்டி 32 பில்டர், லென்ஸ் முன்னால் மாட்டும் கறுத்த கண்ணாடி. இது இல்லாமல் எஃப்/22-க்கு மூடுகிறவர்கள் உண்டு. சென்சாரில் ஒட்டிய தூசியெல்லாம் வானத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிவதுதான் மிச்சம்.

ஒகேனக்கல்லுக்குப் போவதற்கு முன்னால் என்ன பார்ப்போம் என்பது தருமபுரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழைகிற இடத்தில் நீர்வரத்தை அளக்கும் பிலிகுண்டுலுவில் இன்றைக்கு எத்தனை கனஅடி என்பதுதான். ஆடிப்பெருக்கு சமயத்தில் அந்த எண்ணைப் பேப்பரில் படிக்காத வீடு குறைவு. நீர்வரத்து ஏறினால் பரிசலுக்கும் குளிக்கவும் தடை போடுவார்கள், பயணம் வீண். குறைந்த நீரில் பாறை தெரியும், அருவிகள் தனித்தனியாகப் பிரியும், பரிசல் பாறைச் சுவர்களுக்கு நடுவே போகும். படத்துக்கு அதுதான் நல்லது. வெள்ளம் வந்தால் எல்லாம் ஒரே சேற்று நிற மறைப்பு, டிவிக்காரர்களுக்கு மட்டும் தேவைப்படும் காட்சி. ஆற்றைக் கனஅடியால் படிக்கத் தெரிந்தவருக்குக் கடலை அலை இடைவெளியால் படிப்பது கஷ்டமில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

பரிசலுக்குள் முக்காலி வேண்டாம். மூங்கில் பின்னி, அடியில் தாளும் தாரும் போட்ட, இரண்டு மீட்டர் குறுக்களவுக் கூடை அது. துடுப்பு ஒரு பக்கம் இழுக்க, பரிசல் மறுபக்கம் திரும்பும். விளிம்பில் முழங்கையை ஊன்றினால் ஒவ்வொரு துடுப்பு வீச்சும் லென்ஸுக்கு வரும். அடியில் சம்மணமிட்டு உட்கார்ந்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள். உடம்பே ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யும். 24 மி.மீ. அளவு அகன்ற லென்ஸ் போதும். லென்ஸ் மாற்றுகிற வேலையைக் கரையிலேயே முடித்துவிடுங்கள். துடுப்புக்காரரை எடுக்கும்போது துடுப்பு தண்ணீரை விட்டு வெளியே வரும் கணம்தான் நல்லது: அதன் நுனியிலிருந்து ஒழுகும் நீர்க்கோடு வேலையைச் சொல்லும். லைப் ஜாக்கெட் போடுங்கள். வாரை மட்டும் ஜாக்கெட்டுக்கு மேலே போட்டுக் கேமராவைக் கழுத்தில் மாட்டாதீர்கள், தண்ணீரில் விழுந்தால் அது கழுத்தைச் சுற்றும். குறுக்காகத் தோளில் மாட்டி, ஒரே இழுப்பில் கழற்றும் கொக்கி இருக்கிறதா என்று பாருங்கள்.

வெள்ளை நுரைதான் தண்ணீர்ப் படத்தின் பெரிய தொல்லை. கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தர சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். கறுத்த தண்ணீர் நிறைய, நுரை கொஞ்சம் என்றால் அது படத்தைத் தூக்கிவிடும், நுரை சுண்ணாம்பு பூசினாற்போல வெளுத்துவிடும். அங்கே எக்ஸ்போஷர் திருத்தம் மைனஸ் 0.7. பிரேம் முழுக்க அருவியின் வெள்ளை என்றால் மீட்டர் இருட்டாக்கிவிடும், நுரை அழுக்கு வேட்டி மாதிரி ஆகும். அங்கே பிளஸ் 0.7. இரண்டுக்கும் நடுவே மாறி மாறித் திருகுவதைவிட, வெயில் மாறாத நேரத்தில் மேனுவலில் நுரை வெள்ளையாகத் தெரிகிற அளவுக்கு வைத்துவிட்டு மீட்டரை மறந்துவிடுவது மேல். வெளுப்பு எச்சரிக்கை மின்னுவதை ஆன் செய்துவையுங்கள். நுரையின் நடுவில் சின்னதாக மின்னினால் பரவாயில்லை, மொத்தமாக மின்னினால் அதில் மீட்க எதுவும் இருக்காது.

ஓசூர் கெலவரப்பள்ளி அணையிலும் நுரை கிடைக்கும், வருஷா வருஷம் செய்தியில் வருகிறது, மலை மாதிரி. பெங்களூருப் பக்கத்துக் கழிவுநீர் கலந்து மதகு வழியாக விழும்போது பொங்குகிற நுரை அது. எக்ஸ்போஷர் பழக அருமையான பாடம்தான், ஆனால் கரையில் நின்றே பழகுங்கள். அந்தத் தண்ணீரைக் கையில் தொடுவதும் கேமராவில் தெறிக்க விடுவதும் வேண்டாத வேலை.

கன்னடத்தில் ஹொகே என்றால் புகை, கல் என்றால் பாறை. புகையும் பாறை என்று ஒகேனக்கல்லுக்குப் பெயர் வைத்தவர்கள் நமக்கு ஒரு எச்சரிக்கையும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள்: அந்தப் புகை பூராவும் லென்ஸில்தான் வந்து உட்காரும். இரண்டு மைக்ரோபைபர் துணி வேண்டும், ஒன்று ஈரத்தை ஒற்ற, ஒன்று துடைக்க. ஒரே துணியை வைத்துக்கொண்டு தேய்த்தால் எண்ணெய்ப் படலம் போலப் பரவும். ஒவ்வொரு பத்துப் படத்துக்கும் ஒரு முறை முன் கண்ணாடியைப் பாருங்கள். ஒரு துளி ஒட்டியிருந்தால் சின்னத் திரையில் தெரியாது, வீட்டில் கம்ப்யூட்டரில் போட்டதும் எல்லாப் படத்திலும் அதே இடத்தில் ஒரு மங்கல் இருக்கும்.

லென்ஸ் முன்னால் மாட்டுகிற போலரைசர் பில்டர் பற்றி ஒரு வார்த்தை. பளபளப்பை வெட்டித் தண்ணீருக்குள் இருப்பதைக் காட்டுவது அதன் வேலை, அதற்குக் கோணம் சரியாக இருக்க வேண்டும். பார்வைக்கும் நீர்ப்பரப்புக்கும் நடுவே சுமார் 37 டிகிரி இருக்கும்போது முழுசாக வெட்டும். பாறை மேலிருந்து கீழே பார்த்தால் மீன் தெரியும். தாழ உட்கார்ந்து தூரத்துப் பரிசலைப் பார்த்தால் அது பெரிதாக ஒன்றும் செய்யாது, ஒன்றரை ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்றுவிட்டு உட்கார்ந்திருக்கும். கழற்றி வைத்துவிடலாம்.

உயிரினங்களில் கேஆர்பி அணை தருகிற பயிற்சிக்கு ஈடில்லை. கருப்புவெள்ளை மீன்கொத்தி அந்தரத்தில் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும், பிறகு செங்குத்தாகப் பாயும். நிற்கும்போதே போகஸ் பிடித்து, பாய்ச்சலில் கேமராவைக் கீழே இழுக்கப் பழகினால் கடற்கரையின் ஆலாப் பறவையும் வரும், அலை மேல் வருகிற ஆளும் வருவார். 1/2500, தொடர் போகஸ், நடுப்பகுதிப் புள்ளிகள் மட்டும். நீர்க்காகம் மீனை மேலே எறிந்து தலைப்பக்கமாக விழுங்கும். அது தண்ணீரிலிருந்து எழுந்த முதல் இரண்டு நொடிக்குள் நடக்கும், ஆகவே எங்கே முங்கியது என்பதைவிட எவ்வளவு நேரம் முங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

காவிரிக் கரையில் நீர்நாயும் முதலையும் உண்டு. லெய்த் ஆமை என்கிற மெல்லோட்டு ஆமையும், யானைக்கெண்டை என்று சொல்லப்படும் திமில் மஹசீரும் உண்டு. இந்த மஹசீரை 2018-ல் மிகவும் அழியும் நிலையிலுள்ள மீனாகப் பட்டியலிட்டார்கள். ஆனால் இந்தக் கரை பெரும்பாலும் சரணாலயம். காவிரி வடக்கு 2014-ல் அறிவிக்கப்பட்டது, கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்திலும் பரந்த காவிரி தெற்கு 2022-ல், 686 சதுர கிலோமீட்டர். வனத்துறை அனுமதியில்லாமல் இறங்குவதும் டிரோன் ஏற்றுவதும் சட்டப்படி குற்றம். அஞ்செட்டிப் பக்கம் யானை நடமாட்டமும் சேர்ந்துகொள்ளும். நீர்நாய்க்கு இரைச்சல் பிடிக்காது, டிரோன் சத்தம் கேட்டால் குட்டியைத் தூக்கிக்கொண்டு புதருக்குள் போய்விடும். படத்துக்கும் ஆகாது, அதற்கும் ஆகாது.

இவ்வளவும் கை வந்த பிறகு கடலுக்குப் போங்கள். அங்கே முதலில் மாறுவது வெளிச்சம். நம்முடையது கிழக்குக் கடற்கரை, சூரியன் கடலிலிருந்து எழும். காலையில் கரையில் நின்று கடலைப் பார்த்தால் எல்லாம் எதிர்வெளிச்சம். படகும் ஆளும் நிழலுருவமாக வேண்டுமென்றால் அதுதான் நேரம், அலை சுருளும்போது வெளிச்சம் ஊடுருவிப் பச்சையாகத் தெரிவதும் அப்போதுதான். முகம் வேண்டுமென்றால் மதியம் மூன்று மணிக்கு மேல், சூரியன் முதுகுக்குப் பின்னால் வந்தபிறகு. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. காலையில் நிலத்திலிருந்து கடலுக்குக் காற்று வீசும், அலையின் முகம் வழவழப்பாக நிமிர்ந்து நிற்கும். முற்பகல் தாண்டினால் கடற்காற்று திரும்பி அலையைக் கலைத்துவிடும். அதாவது நல்ல அலைக்கு வெளிச்சம் தப்பு, நல்ல வெளிச்சத்துக்கு அலை தப்பு. கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் சர்பிங் எடுக்கிறவர்களின் பாதி மண்டைக்குடைச்சல் இதுதான். விட்டுக்கொடுக்க வேண்டியது வெளிச்சம் என்பது என் கருத்து. கலைந்த அலையில் எவ்வளவு வெளிச்சம் விழுந்தாலும் அது கலைந்த அலைதான். கரையோடு இருநூறு முந்நூறு மீட்டர் நடந்து பக்கவாட்டுக் கோணம் பிடித்தால் எதிர்வெளிச்சமும் ஓரளவு சாய்வெளிச்சமாகும்.

கனஅடிக்கு வருகிறேன். கடலில் அதன் இடத்தில் இருப்பது இரண்டு எண்: அலை உயரம், இரண்டு முகடுகளுக்கு நடுவே எத்தனை நொடி. ஐதராபாத்தில் இருக்கிற கடல் தகவல் மையமான இன்காய்ஸ் இரண்டையும் முன்னறிவிப்பாகத் தருகிறது. ஒரே உயரத்தில் 6 நொடி இடைவெளி என்றால் பக்கத்துக் காற்று கிளப்பிய குட்டி அலைகள், ஒழுங்கே இருக்காது. 12 நொடிக்கு மேல் என்றால் வெகுதூரத்தில் பிறந்து வருகிற அலை, பலம் அதிகம், வரிசையாக வரும். தென்மேற்குப் பருவ மாதங்களில் தெற்கிலிருந்து இப்படிப்பட்ட அலைகள் நம் கரைக்கு வருகின்றன. 2023 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் உலக சர்ப் லீக் போட்டி நடந்ததும், 2025 ஆகஸ்டில் அங்கேயே ஆசிய சர்பிங் சாம்பியன்ஷிப் நடந்ததும் அந்தப் பருவத்தில்தான். ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளிக்கும், படமெடுக்கப் போய் மழையில் நனைந்து வருவீர்கள்.

போனதும் கேமராவை எடுக்காமல் இருபது நிமிடம் உட்கார்ந்து எண்ணுங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வரும், நடுவே அமைதி இருக்கும். அந்த அமைதியைப் பார்த்துவிட்டு ஈரமான பாறையில் போய் நிற்கிறவர்களைத்தான் அடுத்த கூட்டம் அடித்துக்கொண்டு போகிறது. கண்ணை வியூபைண்டரில் வைத்தவருக்கு அது வருவதே தெரியாது. மணலில் நனைந்த கோடு எதுவரை ஏறியிருக்கிறதோ அதற்குப் பின்னால்தான் பை இருக்க வேண்டும்.

நம் பக்கத்து ஆட்கள் கிணற்றில் நீச்சல் பழகியவர்கள். கிணற்றுத் தண்ணீர் நம்மை எங்கேயும் கொண்டுபோகாது. கடலில் அலை உடையாமல் அமைதியாக, கொஞ்சம் மண் நிறமாகத் தெரிகிற சந்து ஒன்று இருக்கும், புதிதாக இறங்குகிறவர் கண்ணுக்கு அதுதான் பத்திரமான இடம் மாதிரி தெரியும். கரைக்கு வந்த தண்ணீர் திரும்பி உள்ளே ஓடுகிற வாய்க்கால் அது. மாட்டினால் கரையை நோக்கி நீந்தித் தோற்காமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும்.

சர்பிங்குக்கு எவ்வளவு பெரிய லென்ஸ் என்று கேட்கிறார்கள். கணக்குப் போடலாம். முழு அளவு சென்சாரில் 400 மி.மீ. வைத்து 100 மீட்டரில் பார்த்தால் பிரேமில் அடங்குவது 9 மீட்டர் அகலம், 6 மீட்டர் உயரம். ஆள் அதில் கால்வாசி. 600 மி.மீ. என்றால் 6-க்கு 4. சென்சார் சின்னதாக இருக்கிற ஏபிஎஸ்-சி கேமராவில் 400-ஏ அந்த வேலையைச் செய்யும். அணையில் 100 மீட்டர் தள்ளி நிற்கும் பரிசலை எடுத்துப் பார்த்தால் வாங்குவதற்கு முன்பே தெரிந்துவிடும். ஷட்டர் 1/1600-க்கு மேல். அலை ஏறும்போது பலகை மேலே திரும்பி முகட்டில் மோதுகிற இடத்துக்கு எட்டு, பத்து பிரேம் சேமித்துவையுங்கள். எழுந்து நின்றதிலிருந்தே அழுத்தினால் முக்கியமான இடத்தில் கேமரா மூச்சு வாங்கும். ஆள் போகிற திசையில் இடம் விடுங்கள். பத்து மணிக்கு மேல் மணல் சூடாகிக் கானல் எழும்பினால் எந்த லென்ஸும் கூர்மை தராது, பையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிறவர்கள் காலண்டரைப் பார்க்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கிருஷ்ணகிரியில் மாங்காய் லோடு ஏறுகிற மாதங்கள் என்று நினைவில் வைத்துக்கொண்டால் மறக்காது. அப்போது கடலூர் முதுநகர் போனால் கரையில் ஏற்றிய படகுகளும், வர்ணம் அடிக்கிறவர்களும், வலை பின்னுகிறவர்களும்தான். அதுவும் நல்ல படம்தான், ஆனால் மீன் ஏலம் எடுக்க வந்தவர் ஏமாந்து போவார். பைபர் படகுகள் அப்போதும் போய்வரும், விடிகாலை போய்க் காலையிலேயே திரும்பிவிடும்.

ஏலக்கூடத்தில் இரண்டு விஷயம் கெடுக்கும். ஒன்று விளக்கு. நம் கரன்ட் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை மினுக்கும். வீடியோவை 30 பிரேமில், 1/60-ல் எடுத்தால் திரையில் பட்டை பட்டையாக ஓடும். 25 பிரேம், 1/50 அல்லது 1/100 வைத்தால் அடங்கிவிடும். இன்னொன்று நீலத் தார்ப்பாய். அதன் கீழே குவித்த மீனெல்லாம் நீலம் பூத்து, நாலு நாள் பழையது மாதிரி தெரியும். வெள்ளைச் சமநிலையை எவ்வளவு திருகினாலும் ஓரத்தில் வெயில் படுகிற மீன் மஞ்சளாகிவிடும். “அக்கா, அந்தக் கூடைய கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி வைக்கலாமா?” என்று கேட்டுவிடுவதுதான் தீர்வு. அவர் வியாபாரத்துக்கு இடைஞ்சல் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள். விரித்த வலையைத் தாண்டாதீர்கள், சுற்றிப் போங்கள். படகில் செருப்போடு ஏறாதீர்கள்.

சத்தத்தை யாரும் யோசிப்பதில்லை. கடற்காற்றில் கேமராவின் சொந்த மைக் வெறும் உறுமல். மயிர்போர்த்திய காற்றுத் தடுப்பும், 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் பில்டரும் வேண்டும். பேசுகிறவரின் மைக்கைச் சட்டைக்கு உள்ளே, பனியனில் ஒட்டுங்கள். வலை இழுக்கும் கூப்பாட்டையும் என்ஜின் ஓசையையும் படம் எடுக்காமல் தனியாக இரண்டு நிமிடம் பதிவு செய்து வையுங்கள், எடிட்டிங்கில் காப்பாற்றுவது அதுதான்.

படகில் ஏறுவதற்கு மீனவர் பஞ்சாயத்தாரிடமும் மீன்வளத் துறையிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். படகின் முன்முனையில் உட்காராதீர்கள், அலையில் எழுந்து அறைவது அங்கேதான். வியூபைண்டரையே பார்த்துக்கொண்டிருந்தால் பத்து நிமிடத்தில் குமட்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை தொடுவானத்தைப் பாருங்கள். வெறும் வயிறும் ஆகாது, பிரியாணி வயிறும் ஆகாது, இரண்டு இட்லி சரி.

பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி கடலாமைகள்) ஜனவரியிலிருந்து மார்ச் வரை ராத்திரியில் கரையேறி முட்டையிடும். சென்னையில் மாணவர்கள் நடத்தும் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988-லிருந்து இரவு நடை போகிறது. இப்படிப்பட்ட குழுவோடு போவதைத் தவிர வேறு வழி தேடாதீர்கள். பிளாஷ் கூடவே கூடாது, போன் டார்ச்சும் கூடாது. கரையேறும் ஆமை வெளிச்சத்தைப் பார்த்து முட்டையிடாமலே திரும்பிவிடும், குஞ்சுகள் கடல் என்று நினைத்து வெளிச்சத்தை நோக்கி ஊர்ந்து வரும். விடிகாலையில் குஞ்சுகளைக் கடலில் விடும்போது இயற்கை வெளிச்சம் கொஞ்சம் இருக்கும். ஐஎஸ்ஓ 6400, எஃப்/2.8, 1/250, மணலில் படுத்துப் பக்கவாட்டிலிருந்து. குஞ்சுக்கும் கடலுக்கும் நடுவே படுக்காதீர்கள். ஆமை கிடைக்காத நாளில் நண்டு இருக்கிறது. வளைக்கு மூன்று மீட்டர் தள்ளிப் படுத்து அசையாமல் கிடந்தால் கொஞ்ச நேரத்தில் கண் வெளியே வரும், பிறகு மணல் உருண்டையோடு நண்டு வரும்.

தண்ணீருக்குள் கேமராவைக் கொண்டுபோகிற பெட்டியை முதல்முறை கடலில் சோதித்துப் பார்க்காதீர்கள். நம் ஊர்க் கிணறும் மோட்டார்த் தொட்டியும் எதற்கு இருக்கின்றன? முதலில் ரப்பர் வளையத்தைக் கழற்றி விரலால் தடவிப் பாருங்கள். ஒரு தலைமயிர், ஒரு மணல் போதும், தண்ணீர் வர. சிலிக்கோன் கிரீஸ் உளுந்து அளவு, பளபளப்பு தெரிகிற அளவுக்கு மட்டும்; அதிகம் தடவினால் அதிலேயே மணல் ஒட்டும். கேமராவுக்குப் பதில் டிஷ்யூ பேப்பரை உள்ளே வைத்து மூடி, கல் கட்டி, பதினைந்து நிமிடம் தொட்டியில் அமுக்கி வையுங்கள். பேப்பர் காய்ந்திருந்தால் கேமராவை வைக்கலாம். மேலே வந்ததும் முன்கண்ணாடியில் துளி நிற்காமலிருக்க, நாக்கால் நக்கித் தண்ணீரில் முக்குவதுதான் உலகம் முழுக்க சர்ப் படக்காரர்கள் செய்கிற வைத்தியம். எச்சில் பூசிய கண்ணாடியில் தண்ணீர் துளியாகாமல் தாளாக வழியும். கேலியாக இருக்கும், வேலை செய்யும்.

கடைசியாக உப்பு. லாட்ஜ் ஏசி அறையிலிருந்து கேமராவை நேரே கரைக்குக் கொண்டுபோனால் லென்ஸ் உள்ளும் புறமும் வேர்க்கும். பையை மூடியபடியே அரைமணி வெளியே வைத்துவிட்டுத் திறங்கள். கரையில் லென்ஸ் மாற்றாதீர்கள். உப்புப் படிந்த கண்ணாடியை உலர்ந்த துணியால் தேய்த்தால் அது உப்புத்தாள் மாதிரி கீறும். குடிதண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி, பிறகு உலர்ந்ததால் துடையுங்கள். தண்ணீர்ப்பெட்டியை மூடியபடியே நல்ல தண்ணீரில் அரைமணி ஊறவைத்து, ஊறும்போதே எல்லாப் பொத்தானையும் பலமுறை அழுத்துங்கள். அழுத்தாவிட்டால் உப்பு உள்ளேயே காய்ந்து அடுத்த முறை பொத்தான் எழாது. முக்காலியின் கடைசிக் காலைக் கழற்றி உள்ளே தண்ணீர் ஊற்றிக் கழுவி, தலைகீழாக நிழலில் சாய்த்துவிடுங்கள். ஊர் திரும்பியதும் எல்லாம் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில், ஈரப்பதம் 40-லிருந்து 50 சதவீதம்.

பெரும்பாலோர் கழுவாமல் விடுவது பையைத்தான். அதன் ஜிப்பிலும் ஒட்டுப்பட்டையிலும் இருக்கிற மணலும் உப்பும், அடுத்த சனிக்கிழமை கேஆர்பி அணைக்கு எடுத்துப் போகும்போது கேமராவோடு கூடவே வரும். காலிசெய்து, உதறி, பக்கெட்டில் முக்கி, மொட்டைமாடியில் காயப்போட்டால் நம் ஊர் வெயிலுக்கு ஒரே மதியத்தில் காய்ந்துவிடும்.